கீழ் வீட்டுத் தரை: கடன் எழுதுவதற்கு முன்னால்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது, "நான் என்ன பேசுறது, எனக்குக் கலவை போடத்தான் தெரியும்" என்றேன். "அதையே பேசு" என்று தலைவி அக்கா சொல்லிட்டாங்க. அதனால் தரையைப் பற்றிப் பேசுகிறேன். சிரிக்காதீங்க. நம்ம குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்க. படிப்புச் செலவு, வைத்தியச் செலவுக்கு அப்புறம் "வீடு ரிப்பேர்" என்றுதான் அடிக்கடி எழுதியிருக்கும். என்ன ரிப்பேர் என்று கேட்டால் பாதிப் பேர் "கீழே டைல்ஸ் போடணும்" என்கிறார்கள்.

நான் டைல்ஸ் மேஸ்திரிகளோடு பத்து வருஷம் சித்தாளாக வேலை பார்த்தவள். ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி என்று எத்தனையோ வீட்டுக்குக் கலவைச் சட்டி தூக்கியிருக்கேன். இப்போ முட்டி வலி வந்து, வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கிறேன். ஆக, தரை போடுகிறவளாகவும் இருந்திருக்கேன், நாள் முழுக்கத் தரையிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவளாகவும் இருக்கேன். அவ்வளவு தெரிஞ்சும் என் சொந்த வீட்டுக்குத் தப்பான தரையைப் போட்டேன். அதை முதலில் சொல்லிடறேன்.

2020 கடைசியில், பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாகப் பேச்சு. கீழே ஒரு ஹால், ஒரு அறை, சமையல்கட்டு, பின்பக்கம் போகிற வழி. எல்லாமே பழைய சிமெண்ட் தரை, அங்கங்கே பேந்து போயிருந்தது. குழுவில் 35,000 ரூபாய் கடன் வாங்கினேன், 24 தவணை. கடைக்குப் போனதும் பளபளன்னு வெள்ளை டைல்ஸைக் காட்டினார்கள். மேலே எரியிற லைட்டு அதில் அப்படியே தெரிந்தது. விலையும் தள்ளுபடி. முன் வாசலில் இருந்து பின் வாசல் வரைக்கும் அதையே போட்டேன். வந்தவர்கள் பார்த்து நல்லா இருக்குன்னாங்க. என் மாமியார் மட்டும், "இன்னாம்மா இது, கண்ணாடி மேல நடக்கிற மாதிரி கீது" என்றார். வயசானவங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு விட்டுட்டேன்.

அடுத்த வருஷம் 2021 நவம்பர். அந்த மழையை நம்ம ஊரில் யாரும் மறக்க முடியாது. பாலாறு கரை புரண்டது. 19ஆம் தேதி நம்ம பேரணாம்பட்டிலேயே வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் நாலு பேர் குழந்தைகள். அந்த மாதக் கடைசியில் லேசாக நில அதிர்வும் வந்தது. அந்த மழைக் காலத்தில் ஒரு காலையில் மாமியார் பின்பக்கம் போய்க் கால் கழுவிவிட்டு ஈரக் காலோடு உள்ளே வந்தார். வாசப்படி தாண்டி இரண்டாவது அடி. நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால், எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். இடுப்புக்கிட்ட எலும்பு முறிவு. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தோம். டைல்ஸ் கடன் பாதிகூட முடியல, அதுக்கு மேல வைத்தியக் கடன். அவர் கோல் ஊன்றி நடக்க அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசமும் நான் தினம் அந்தத் தரையைத் துடைச்சேன்.

இதை அழுவதற்காகச் சொல்லவில்லை. கடைக்குள் போகிறபோது நாம் கண்ணால் மட்டும் பார்க்கிறோம். தரை காலுக்கு உண்டான பொருள். கீழ் வீட்டுக்கு இன்னொரு சங்கதியும் இருக்கு. மாடித் தரைக்கு அடியில் கான்கிரீட்தான் இருக்கு. கீழ் வீட்டுத் தரைக்கு அடியில் மண் இருக்கு. மண்ணில் ஈரம் இருக்கு. அந்த ஈரம் மேலே ஏறும். அதைத்தான் ஓதம் என்கிறோம்.

ஆகவே டைல்ஸ் பார்க்கப் போவதற்கு முன்னால் வீட்டைப் பாருங்க. சுவரில் கீழே ஓரடி, இரண்டடி உயரத்துக்குச் சுண்ணாம்பு உப்பி உதிர்கிறதா? வெள்ளையா உப்புப் பூத்திருக்கா? தரை ஓதம் தெரிய ஒரு சுலபமான வழி இருக்கு. கனமான பிளாஸ்டிக் கவரைக் கிழித்து, ரெண்டு அடிக்கு ரெண்டு அடி தரை மேல் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்க. ஒரு நாள் முழுக்க விட்டுட்டு எடுத்துப் பாருங்க. அடியில் தண்ணீர் முத்து முத்தா நின்றால், அல்லது தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்துப் போயிருந்தால், ஓதம் ஏறுது. அதுக்கு மேல் எந்த விலைக்கு டைல்ஸ் ஒட்டினாலும் ஈரம் இடுக்கு வழியாகவும் சுவர் வழியாகவும் வரும். என் பின் அறையில் அப்படித்தான் ஆனது. தட்டினால் டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம்.

ஓதம் இருந்தால் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது, தெரு மட்டம் நம்ம வீட்டு மட்டத்தைவிட உயர்ந்துவிட்டதா என்று பாருங்க. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு ஏறுது, நம்ம வீடு இறங்குது. பழைய தரையை உடைத்தே ஆகணும் என்கிற நிலை என்றால், உடைத்த கையோடு மண்ணை நல்லா திமிசு போட்டு, ஜல்லி பரப்பி, கனமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன் மேல் கான்கிரீட் போடச் சொல்லுங்க. அந்த ஷீட்டுக்கு ஆகிற செலவு டைல்ஸ் செலவில் ரொம்பச் சின்னது. ஆனால் யாரும் கேட்பதில்லை, ஏன்னா அது வெளியே தெரியாது.

இன்னொன்று. சுவரில் விரிசல் இருந்தால், மண் சுவர் நனைந்து ஊறியிருந்தால், கடன் பணம் முதலில் சுவருக்குப் போகட்டும். 2021க்கு அப்புறமும் ஊறிப்போன சுவருக்குப் பக்கத்தில் புது டைல்ஸ் போட்ட வீட்டை நான் பார்த்திருக்கேன். எனக்கு அங்கே உட்காரவே பயமா இருந்தது.

சரி, இப்போ என்ன தரை போடலாம் என்பதற்கு வருவோம்.

நம்ம ஊர் வீடு மற்ற ஊர் வீடு மாதிரி இல்லை. ஹால் என்பது ஹால் மட்டும் இல்லை, அதுதான் நம்ம பட்டறை. ஷூ அப்பர் தைக்கிறவங்க, பீடி சுத்துறவங்க எல்லாரும் தரையில்தான் உட்காருகிறோம். பிள்ளைகள் அங்கேதான் படிக்குது, படுக்குது. அதனால் நான் ஒன்று கேட்பேன்: ஊசி கீழே விழுந்தால் தெரியுமா? கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாகப் பொடிப் பொடியாகப் புள்ளி வைத்த கிரானைட்டிலும், பூப்போட்ட டைல்ஸிலும் ஊசி விழுந்தால் தேடியே கண் போயிடும். குழந்தை தவழ்கிற வீட்டில் அது விளையாட்டில்லை. புள்ளி, கோடு அதிகம் இல்லாத வெளிர் நிறம்தான் எங்க மாதிரி வேலைக்கு நல்லது. தூய வெள்ளை வேண்டாம், தோல் சாயமும் சொலூசனும் பட்டால் எட்டூருக்குத் தெரியும். வெளிர் சந்தனம், வெளிர் சாம்பல் மாதிரி எடுத்தால் அழுக்கும் மறையும், ஊசியும் தெரியும்.

ரொம்பக் கறுப்பும் வேண்டாம். அதுக்குக் காரணம் நம்ம தண்ணி. தோல் கழிவால் பாலாற்றுப் பக்கத்துத் தண்ணீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996இல் தீர்ப்பே வந்தது. போரில் வருகிற உப்புத் தண்ணீரில் கறுப்புத் தரையைத் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். ரெண்டாவது தடவை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். குடம் குடமா நல்ல தண்ணிக்கு நிற்கிற ஊரில் அதுக்கு யாரிடம் தண்ணி இருக்கு?

கடப்பா கல் எங்க அம்மா வீட்டில் இருந்தது. விலை குறைவு, வெயிலில் ஜில்லுன்னு இருக்கும், பல வருஷம் உழைக்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை, புளி பட்டால் மேல்பூச்சு அரித்து வெளுத்துப் போகும். சமையல்கட்டுக்கு எனக்குப் பிடிக்காது, தாழ்வாரத்துக்குச் சரி. மொசைக்கும் அப்படித்தான், அதில் இருப்பது சிமெண்ட்டும் மார்பிள் சில்லும். கறை போகணும்னு ஆசிட் ஊற்றினால் கறையோடு தரையும் போகும். இந்த ஆசிட் பழக்கத்தை நாம் விட்டாகணும். அது டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டைத் தின்னும், மூச்சுக்கும் கெடுதல்.

சிவப்பு ஆக்ஸைடு தரை தெரியுமில்ல? நம்ம பாட்டி வீட்டுச் சிவப்புத் தரை. சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவது. நல்ல கை அமைந்தால் அதைப் போல அழகு வேறு இல்லை, வருஷம் ஆக ஆக மெருகு ஏறும். ஆனால் அந்தக் கை இப்போது எளிதில் கிடைப்பதில்லை. விரிசல் விட்டால் ஒட்டுப் போட்டது தனியாகத் தெரியும். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் இன்னும் கையாலேயே கல் செய்கிறார்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ண சிமெண்ட் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் நடந்து நடந்தே பளபளப்பு ஏறின தரை அது. பார்க்கிறவர்களுக்கு ஆசை வரும். ஆனால் அங்கிருந்து வண்டி வைத்துக் கொண்டு வந்து, அதைப் பதிக்கத் தெரிந்த ஆளையும் தேடிப் பிடிக்க நம்ம கடன் தாங்காது. ஆசைக்கு வாசலில் பூஜை இடத்திலோ, உட்காரும் திண்ணையிலோ நாலு கல் வைத்துக்கலாம்.

கடைசியில் நம்மில் அதிகம் பேர் வந்து நிற்பது டைல்ஸில்தான். குஜராத்தில் மோர்பி என்கிற ஊரில் இருந்துதான் நம்ம ஊர் கடைகளுக்கு நிறைய வருது. செராமிக் என்று ஒன்று, விட்ரிஃபைட் என்று ஒன்று. செராமிக் உடம்பு தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைட் அதிகச் சூட்டில் வெந்து இறுகினது, நூற்றுக்கு அரை பங்குகூடத் தண்ணீர் குடிக்காது. கடையில் சொல்வதை நம்பிக்கொண்டு நிற்க வேண்டாம். டைல்ஸைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஒரு சொட்டு மை வையுங்க. ரெண்டு நிமிஷம் கழித்து ஈரத் துணியால் துடையுங்க. மை உள்ளே இறங்கிவிட்டால் அது தண்ணி குடிக்கிற டைல்ஸ். சுவருக்குப் போதும், கீழ்த் தரைக்கு விட்ரிஃபைட்தான் வாங்குங்க.

வழுக்கல் பரிசோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போங்க. டைல்ஸைத் தரையில் வைக்கச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். நம்ம காசு. வீட்டில் வயசானவங்க இருந்தால் அவங்களையும் கூட்டிப் போங்க. ஹாலுக்கு மேட் ஃபினிஷ் என்று கேளுங்க. குளியலறை, பின் வழி, வுளு செய்கிற இடம், பாத்திரம் கழுவுகிற இடம் எல்லாவற்றுக்கும் ஆன்டி ஸ்கிட் என்று கேட்டு, சொரசொரப்பான ஓரடிச் சதுர டைல்ஸாக வாங்குங்க. சின்ன டைல்ஸ் என்றால் இடுக்கு அதிகம், கால் பிடிக்கும், தண்ணீர் ஓட வாட்டம் வைப்பதும் சுலபம். ரொம்பச் சொரசொரப்பானதை ஹாலில் போட்டால் அழுக்கு உட்கார்ந்து உங்களைத் தேய்க்க வைத்தே கொல்லும். ஒரே டைல்ஸை வீடு முழுக்கப் போடுவதுதான் நான் செய்த பெரிய தப்பு.

கணக்கு சொல்றேன், நோட்டு இருக்கிறவங்க எழுதிக்கங்க. 10 அடிக்கு 12 அடி அறை. தரை 120 சதுர அடி. சுற்றளவு 44 அடி, வாசலுக்கு 3 அடி கழித்தால் 41. சுவர் ஓரம் 4 அங்குலம் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் ஒட்ட ஏறக்குறைய 14 சதுர அடி. மொத்தம் 134. வெட்டு, உடைசலுக்குப் பத்துக்கு ஒன்று சேர்த்தால் 148. ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் பெட்டிக்கு நாலு இருக்கும். கடையில் 16 சதுர அடி என்பார்கள், மில்லிமீட்டர் அளவில் பார்த்தால் பதினைந்தரைதான். ஆக 10 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கான்னு பார்த்து இறக்குங்க, இல்லாவிட்டால் நிறம் மாறும். மீதி விழுகிற டைல்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாதீங்க. பரண் மேல் போட்டு வையுங்க, நாளைக்கு ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. இந்த டைல்ஸ் விலைக்கு மேல் மணல், சிமெண்ட், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, ஸ்கர்ட்டிங்குக்கு அடிக் கணக்கில் தனிக் கூலி, பழசை உடைத்து அள்ளிப் போகிற வண்டி எல்லாம் இருக்கு. கடன் எழுதும்போது டைல்ஸ் விலையை மட்டும் எழுதிவிட்டு, பாதியில் வட்டிக்கு வெளியே போகிறவர்களைப் பார்த்திருக்கேன்.

வேலை நடக்கும்போது அங்கேயே இருங்க. அவசரத்துக்கு நாலு மூலைக்கும் நடுவுக்கும் மட்டும் கலவை வைத்து டைல்ஸை உட்கார வைப்பது உண்டு. நானே அப்படி வைத்துக் கொடுத்திருக்கேன், மேஸ்திரி சொன்னால் சித்தாள் என்ன செய்ய முடியும்? அடியில் காலியாக இருந்தால் குழவி விழுந்தால்கூட உடையும். அடி முழுக்கக் கலவை இருக்கணும். காய்ந்த பிறகு சாவிக் கொத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்க. வெத்துச் சத்தம் வருவதைச் சாக்பீஸால் குறி போட்டு, மீதிக் கூலி கொடுப்பதற்கு முன்னால் எடுத்துப் போடச் சொல்லுங்க. குளியலறையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்க. மூலையில் தேங்கினால் வாட்டம் சரியில்லை. ரெண்டு டைல்ஸ் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்க, ஒட்டி ஒட்டிப் போட்டால் வெயிலுக்கு விரிந்து கூடாரம் மாதிரி தூக்கிக்கும். பழைய தரை மேலேயே ஒட்டுவதாக இருந்தால் கதவு அடியைச் சீவ வேண்டி வரும், அதையும் முன்னாலேயே யோசிங்க.

இன்னும் மண் தரை, சாணம் மெழுகிய தரை இருக்கிற அக்காமார்களும் இங்கே இருக்கீங்க. டைல்ஸ் இல்லையே என்று நீங்க சங்கடப்பட வேண்டாம். மெக்சிகோ நாட்டில் 2000இல் ஒரு மாநிலத்தில் ஏழை வீடுகளின் மண் தரைக்கு அரசாங்கமே சிமெண்ட் போட்டுக் கொடுத்தது. வெறும் சிமெண்ட்தான். பிறகு ஆய்வு செய்து பார்த்தால், முழுக்க சிமெண்ட் தரை ஆன வீடுகளில் குழந்தைகளுக்குப் பூச்சித் தொல்லை 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும் குறைந்திருந்தது. அம்மாக்களுக்கு மனக் கவலையும் குறைந்திருந்தது. எங்க குழுவில் ஒரு தங்கச்சி அப்படித்தான் சின்னக் கடன் வாங்கி, அடியில் ஷீட் விரித்து, நல்ல சிமெண்ட் தரை மட்டும் போட்டா. ஏழு மாசத்தில் கடனை முடிச்சிட்டா. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊராட்சிகளில் மூன்றரை லட்சத்தில் 360 சதுர அடி வீடு கட்டுகிறவர்களும் இருக்கீங்க. கூரை முடிவதற்குள் கையில் பணம் தீர்ந்துவிடும். தரைக்கு உண்டானதை முதலிலேயே தனியா எடுத்து வையுங்க. டைல்ஸ் அடுத்த வருஷம்கூட ஒட்டிக்கலாம், அடித்தளத்தை அடுத்த வருஷம் போட முடியாது.

என் வீட்டுக் கதை என்ன ஆச்சு என்று கேட்பீங்க. எல்லாவற்றையும் உடைக்க எனக்கு வசதி இல்லை. வைத்தியக் கடன் முடிந்த பிறகு, பின் வாசலில் இருந்து சமையல்கட்டு வரைக்கும், முன் வாசல் உள்பக்கம் நாலு அடி, இது இரண்டை மட்டும் உடைத்தேன். டைல்ஸ் வாங்க மாமியாரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் ஒரு டைல்ஸைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அவர் கோலைப் பிடித்துக்கொண்டு, என் தோளையும் பிடித்துக்கொண்டு, வெறுங்காலை வைத்து ரெண்டு தரம் தேய்த்தார். "இது புடிக்குதும்மா" என்றார். நிறத்தைச் சொல்கிறாரா என்று கடைக்காரர் கேட்டார். "இல்லப்பா, காலைப் புடிக்குது" என்றார். நிறம் கொஞ்சம் செங்கல் மாதிரி, ஹால் டைல்ஸோடு சேரவே இல்லை. பொண்ணு இப்பவும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவா. ஹாலில் மிச்சம் இருக்கிற வெள்ளை டைல்ஸ் மேல் ஜமுக்காளம் விரித்துத் தைக்கிறோம், ஜமுக்காளமும் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் ஷீட் போட்டிருக்கேன். பின் அறை ஓதத்தை இன்னும் சரி செய்யவில்லை, அடுத்த கடன் அதுக்குத்தான். தலைவி அக்கா குறிச்சுக்கங்க.

யாராவது தரைக்குக் கடன் எழுதப் போகிறீர்கள் என்றால், அறை அளவை அடிக் கணக்கில் எடுத்துக் கொண்டு வாங்க. மாதக் கூட்டத்துக்கு அரை மணி முன்னால் வந்தால் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தர்றேன்.